வலிக்காத புண்



திருவனந்தபுரத்துத் தம்பானூர் நம் எல்லோருக்கும் தெரிந்த இடம். 1931இல் திறந்த ரயில் நிலையம் ஒரு பக்கம், அதற்கு நேர் எதிரே பேருந்து நிலையம். நாகர்கோவிலிலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலும் களியக்காவிளை, மார்த்தாண்டம், திருநெல்வேலிப் பேருந்துகளும் காலையில் இங்கே ஆட்களை இறக்கிவிடுகின்றன. இறங்குகிறவர்களில் ஒரு கூட்டம் மட்டும் ஊர் பார்க்கவோ, கோயிலுக்கோ, வேலைக்கோ வந்தது அல்ல. கையில் ஒரு ஃபைல், கூட ஒரு மகனோ மருமகனோ. வாயை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, "மெடிக்கல் காலேஜ் பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்பார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் அங்குள்ளவர்களுக்குப் பெரிய நோய் என்று வந்தால் இன்றும் திருவனந்தபுரம்தான் பெரிய ஆஸ்பத்திரி. அவர்கள் போகும் இடம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981இல் தொடங்கிய வட்டாரப் புற்றுநோய் மையம். எல்லோரும் சொல்வது ஆர்.சி.சி.

நான் பல் மருத்துவன். அந்தப் பேருந்தில் ஏறுகிறவர்களில் வாய்ப்புற்று உள்ளவர்கள் பெரும்பாலும் காலம் கடந்தே ஏறுகிறார்கள். அது ஏன், அவர்களை முன்னதாகவே ஏற்றிவிடப் பல் வைத்தியரால் என்ன செய்ய முடியும் என்பதுதான் இன்றைய என் பேச்சு.

கல்லீரலில், கணையத்தில், நுரையீரலில் புற்று வந்தால் ஸ்கேன் வேண்டும், குழாய் விட வேண்டும். வாய்க்கு அந்த நிலைமை இல்லை. ஒரு டார்ச் லைட்டும், நாக்கை ஒதுக்க ஒரு மரக்குச்சியும், பார்க்கத் தெரிந்த இரண்டு கண்களும் போதும். வாய்ப்புற்றில் பெரும்பகுதி திடீரென்று முளைப்பதும் இல்லை. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் ஒரு வெள்ளைப் படலமாக, சில சமயம் ஒரு சிவப்புத் திட்டாக முதலில் வந்து உட்காரும். துடைத்தால் போகாது. வெள்ளையைவிடச் சிவப்பு ஆபத்தானது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். இவ்வளவு அவகாசம் தரும் புற்றுகள் அதிகம் இல்லை. அப்படியிருந்தும் அதை முற்றவிட்டே கொண்டுவருகிறோம்.

பார்த்தால் உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்னது இந்த மாவட்டம்தான். 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, ஆர்.சி.சி.யும் பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. முன்னின்றவர் மருத்துவர் ரெங்கசாமி சங்கரநாராயணன். 7 பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். மற்ற 6 பஞ்சாயத்துகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். வீடுகளுக்குப் போனவர்கள் டாக்டர்கள் இல்லை, நர்ஸுகளும் இல்லை. மருத்துவத்தோடு தொடர்பில்லாத பாடங்களில் பட்டம் பெற்று, வாயைப் பார்க்க மட்டும் பயிற்சி எடுத்துக்கொண்ட சுகாதாரப் பணியாளர்கள். திண்ணையில் உட்கார வைத்து, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, பீடி உண்டா, வெற்றிலை உண்டா, மது உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். சந்தேகமானவர்களை டாக்டரிடம் போகச் சொன்னார்கள்.

முடிவு 2005இல் 'லான்செட்' இதழில் வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமாக உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் சாகும் விகிதம், வாயைப் பார்த்த பஞ்சாயத்துகளில் 34 சதவீதம் குறைவு. ஆண்களை மட்டும் எடுத்தால் 43 சதவீதம் குறைவு. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். யாருடைய வாயைப் பார்க்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெளிவாகிவிட்டது. பதினைந்து ஆண்டுத் தொடர்கணக்கு 2013இல் வந்தது. பழக்கம் உள்ளவர்களில் நான்கு சுற்றுப் பரிசோதனையிலும் தவறாமல் வாயைக் காட்டியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 81 சதவீதம் குறைந்திருந்தது. நான்கு முறையும் வருகிறவர்கள் உடம்பைப் பற்றிப் பொதுவாகவே அக்கறை உள்ளவர்களாக இருக்கலாம். அந்த அளவுக்கு இந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட வேண்டும். குறைத்துப் பார்த்தாலும் அது பெரிய எண்.

வாய்ப்புற்றைப் பற்றிப் படிக்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரத்தின் பெயரைக் கடக்காமல் போக முடியாது. தம்பானூரில் இருக்கும் நமக்கு இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ஆய்வில் என்னைத் தூங்கவிடாத எண் வேறு. பார்த்த பஞ்சாயத்துகளில் தகுதியுள்ள 96,517 பேரில் 87,655 பேர் ஒரு முறையாவது வாயைக் காட்டினார்கள். நூற்றுக்கு 91 பேர். வீட்டு வாசலுக்கு வந்து கேட்டால் மக்கள் மறுப்பதில்லை என்பது இதில் தெரிகிறது. சந்தேகம் என்று பிரித்தது 5,145 பேரை. "உங்கள் வாயில் ஒன்று இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. போனவர்கள் 3,218 பேர். மீதி 1,927 பேர் போகவில்லை.

எழுத்தறிவில் இந்தியாவின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இது. ஆஸ்பத்திரி பஸ் தூரத்தில் இருக்கிறது. சொன்னவர் வீட்டுக்கே வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அப்படியும் மூன்றில் ஒருவருக்கு மேல் போகவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் நான் கண்டதை வைத்துச் சொன்னால், முதல் காரணம் பயம் இல்லை, பணமும் இல்லை. வலிக்கவில்லை என்பதுதான்.

சுமட்டுத் தொழிலாளி ஒருவர் வந்தார். ஊர் குழித்துறைப் பக்கம். சட்டைப் பையில் பீடிக் கட்டு. கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரு பல்ல எடுத்துத் தரணும் டாக்டரே. வேற ஒண்ணும் பாக்காண்டாம். ரெண்டு மணிக்கு லோடு இருக்கு."

"எடுத்துருவோம் அண்ணே. நாக்கக் கொஞ்சம் வெளிய நீட்டுங்க."

நாக்கின் இடது ஓரத்தில், ஆடிய பல்லுக்கு நேராக, நகத்தளவு சிவப்புத் திட்டு. தொட்டுப் பார்த்தேன். அடியில் லேசாக ஒரு கெட்டி.

"இது எத்தன நாளா இருக்கு?"

"எது? எனக்க வாயில ஒண்ணும் இல்லியே. காரம் பட்டா கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்."

ஆர்.சி.சி.க்குச் சீட்டு எழுதினேன். அவர் அதைப் பார்த்தார். "வலி இல்லியே டாக்டரே. வலி இல்லாததுக்கு நான் என்னத்துக்கு மெடிக்கல் காலேஜுக்குப் போணும்?"

அன்று அவர் கேட்டதைத்தான் அந்த 1,927 பேரும் தங்கள் மனசுக்குள் கேட்டிருப்பார்கள். நம் மக்களுக்கு நோய் என்றால் வலி. பல்வலி வந்தால் ராத்திரியே கதவைத் தட்டுகிறவர், வலிக்காத திட்டை ஒரு வருஷம் சுமந்துகொண்டு திரிவார். ஆரம்பத்தில் வாய்ப்புற்று வலிக்காது. அது வலிக்கும்போது வேர் ஓடியிருக்கும், கழுத்தில் கட்டி வந்திருக்கும், அறுவை தாடை வரைக்கும் போகும். அந்த அண்ணனை ஆர்.சி.சி.க்கு அனுப்பியது என் சீட்டு என்று சொல்ல மாட்டேன். வாசலில் நின்ற அவர் மனைவி சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "லோடு நாளைக்கும் வரும்" என்றார். அன்றே இரண்டு பேரும் போனார்கள். தொடக்க நிலையிலேயே பிடிபட்டது. நாக்கில் ஒரு சிறு பகுதியை எடுத்தார்கள். இப்போதும் பேசுகிறார், சாப்பிடுகிறார்.

இப்படி நோய் வெளியே தெரியாமல் இருப்பதில் புகைக்கும் ஒரு பங்கு உண்டு. பல் மருத்துவத்துக்கு வெளியே இதை அறிந்தவர்கள் குறைவு. ஈறில் நோய் வந்தால் முதல் அடையாளம் ரத்தம். பல் துலக்கும்போது பிரஷில் சிவப்பாகத் தெரியும், ஆள் பயந்து டாக்டரிடம் வருவார். புகைக்கிறவருக்கு இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. நிகோடின் ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். புகை, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்களின் வேலையையும் கெடுக்கிறது. ஈறு வெளுத்து, இறுகி, பார்க்க ஆரோக்கியமாகவே தெரியும். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். 'எனக்கு ஈறில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை' என்று பெருமையாகச் சொன்னவர்களுக்கு நாற்பது வயதில் பல்வரிசை முழுவதும் ஆடக் கண்டிருக்கிறேன்.

இதற்கு மறுபுறமும் உண்டு, அதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பீடியை விட்ட சில வாரங்களில் ஈறில் ரத்த ஓட்டம் திரும்பும். அப்போது பல் துலக்கினால் ரத்தம் வரலாம். சிலருக்கு வாயில் சிறு புண்களும் வரும். 'விட்டதால்தான் இதெல்லாம் வந்தது, உடம்புக்குப் பீடி தேவைப்படுகிறது' என்று முடிவு கட்டி மறுபடி பற்றவைத்தவர்கள் உண்டு. அந்த ரத்தம் ஈறு உயிர்பெற்றுவிட்டதற்கு அடையாளம். அந்த நேரத்தில் பல் வைத்தியரிடம் வந்து கிளீனிங் செய்துகொண்டால் அதுவும் நின்றுவிடும். இந்த இரண்டு வரியை முதல் நாளே சொல்லி அனுப்பாத பல் வைத்தியர், பாதி வேலையைத்தான் செய்கிறார்.

புகையை விடவைக்கப் பல் வைத்தியரின் கையில் உள்ள வாய்ப்புகளில் நான் மிகவும் மதிப்பது மூன்று நாள். பல் எடுத்ததும் குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி போல உட்கார வேண்டும். புகையை உறிஞ்சும் இழுப்பிலும் சூட்டிலும் அந்த மூடி கழன்றுவிட்டால் எலும்பு வெளியே தெரியும். அந்த வலியைப் பட்டவர் மறக்க மாட்டார். அதனால் மூன்று நாளைக்குப் பீடி, சிகரெட் கூடாது என்று எல்லாப் பல் வைத்தியரும் சொல்கிறோம். புகையை விடுகிறவருக்கு எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு எல்லாம் உச்சத்தில் இருப்பதும் அதே முதல் மூன்று நாள்தான். பல் எடுத்தவர் வலிக்குப் பயந்து அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டார். கடினமான பகுதியை அவரே முடித்துவிட்டார், அது அவருக்குத் தெரியாது. நான்காம் நாள் தையலைப் பார்க்க வரும்போது, "மூணு நாள் இருந்துட்டீங்களே அண்ணே, மோசமானது முடிஞ்சுபோச்சு, இனி ஒவ்வொரு நாளும் லேசாகும்" என்று நாம் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, மருந்துக்கடையில் கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கல்தான் வரும். சில முறை மென்று, நாக்கில் சுருக்கென்றதும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அந்த எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. இவ்வளவும் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பல் வைத்தியர்கள் இந்த நாட்டில் ஏற்கெனவே செய்து காட்டிய வேலை. 1966 முதல் 1969 வரை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவு ஐந்து மாவட்டங்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கிராமத்தாரின் வாயை வீடு வீடாகப் பார்த்தது. அதில் ஒன்று நம் எர்ணாகுளம் மாவட்டம். பல் மருத்துவர் ஃபாலி மேத்தாவும் டென்மார்க்கின் வாய்நோய் அறிஞர் யென்ஸ் பின்போர்க்கும் அதற்கு உயிராக இருந்தார்கள். அடுத்த கட்டத்தில் ஆய்வாளர் பிரகாஷ் குப்தாவும் சேர்ந்து, எர்ணாகுளம் உள்ளிட்ட மூன்று மாவட்டங்களில் புகையிலைப் பழக்கம் உள்ள 36,000 பேரை ஆண்டுதோறும் பார்த்து, விடச் சொல்லி, அறிவுரை தந்து தொடர்ந்தார்கள். விட்டவர்களிடையே வெள்ளைப் படலம் புதிதாகத் தோன்றுவது குறைந்தது. 1986இல் அது வெளிவந்தது. சொன்னால் கேட்பார்களா என்ற அலுப்பு என் தொழில்காரர்களிடம் நிறைய உண்டு. எர்ணாகுளத்துக் கிராமத்தார் கேட்டிருக்கிறார்கள்.

வெற்றிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த ஊரில் பேச முடியாது. நாம் பீடியைத் திட்டுவோம், அம்மாவின் வெற்றிலைச் செல்லப்பெட்டியைத் தொட மாட்டோம். யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர்தான் பெரிய சந்தையாக இருந்தது. அரசின் ஏகபோகமாக இருந்த அந்தப் புகையிலை வியாபாரத்தைக் கும்பகோணத்துக்காரரான திவான் மாதவராவ் 1863இல்தான் விலக்கினார். அந்த அளவுக்கு இந்த மண்ணோடு ஊறிப்போன பழக்கம் அது. வாய்க்கு, மெல்லும் புகையிலை புகையைவிட எந்த விதத்திலும் மென்மையானது இல்லை. வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்திவிட்டது. பாக்கு மெல்கிறவருக்குக் கன்னம் இறுகி, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும். உங்கள் வீட்டில் யாராவது பெரிய உருண்டையாகச் சோறு எடுக்க முடியாமல் சின்னச் சின்னதாக எடுத்தால் கவனியுங்கள். பீடி இலையில் சுற்றியது, சிகரெட்டைவிட நல்லது என்பதும் தப்பு நம்பிக்கை. பீடி அடிக்கடி அணையும். அணையாமல் வைக்கப் பலமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும், நஞ்சு கூடுதலாகவே உள்ளே போகும்.

சட்டத்தின் பக்கமும் இந்த மாநிலம் முன்னால் நின்றது, அதில் தமிழர் ஒருவரின் கை இருந்தது. கே. ராமகிருஷ்ணனும் இன்னொருவரும் தொடுத்த வழக்கில், 1999 ஜூலை 12ஆம் தேதி, கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்தது. தேவகோட்டையில் பிறந்த ஏ.ஆர். லட்சுமணனும் கே. நாராயண குருப்பும் அந்த அமர்வின் நீதிபதிகள். பக்கத்தில் நிற்பவர் விடும் புகையை நான் சுவாசிக்க வேண்டியிருப்பது என் வாழும் உரிமையைப் பறிப்பது என்று, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவைக் கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு ஆண்டு கழித்து, முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதே வழியில் ஆணையிட்டது. 2003இல் மத்தியச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். தம்பானூர்ப் பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைக்கக் கனன்றுகொண்டே தொங்கிய கயிறு, பழைய ஆட்களின் நினைவில் இருக்கும்.

சட்டமும் விழிப்பும் சேர்ந்தால் எண்ணிக்கை இறங்கும் என்பதற்குக் கேரளமே சாட்சி. வயது வந்தோரில் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவோர், தேசியக் கணக்கெடுப்பின்படி 2009-10இல் 21.4 சதவீதமாக இருந்தது. 2016-17இல் 12.7 சதவீதம். அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் 16.2இலிருந்து 20 சதவீதமாக ஏறியது. நாடு முழுவதும் குறைந்துகொண்டிருந்த காலம் அது. எல்லை தாண்டி நாகர்கோவில் ரயிலில் வருகிறவர்களை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். இங்குள்ள இளம் பல் வைத்தியர்களே, பல் எடுக்க வந்தவரின் பல்லை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். நாக்கை வெளியே நீட்டச் சொல்லி இரண்டு ஓரமும் பாருங்கள், நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடியில் பாருங்கள், கன்னத்தை விலக்கிப் பாருங்கள், கழுத்தைத் தடவிப் பாருங்கள். புகையிலை உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கேட்கும் குரலில் குற்றச்சாட்டு இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த முறை பொய் சொல்வார், அல்லது வரவே மாட்டார். மற்றவர்கள், வீட்டில் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று மாதம் ஒரு முறை இதையே செய்யலாம். மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் ஒற்றைப் பல், உதட்டில் மரத்துப்போன உணர்வு, இவற்றில் எதைக் கண்டாலும் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடைசி வேண்டுகோள், இந்த அறக்கட்டளையை நிறுவி ஆண்டுதோறும் நடத்திவரும் குடும்பத்தாருக்கு. திருவனந்தபுரம் ஆய்வில் போகாமல் நின்றுவிட்ட அந்த 1,927 பேரில் தினக்கூலிக்காரர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் பரிசோதனைக்குப் போவதென்றால் அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும், துணைக்கு வருகிறவருக்கும் போகும். இந்த நிதியின் வட்டியில் ஒரு பகுதியை எடுத்து, கன்னியாகுமரி மாவட்டத்துப் பல் வைத்தியர்கள் வாயில் சந்தேகம் என்று சீட்டு எழுதும் ஒவ்வொருவருக்கும், துணைக்கு ஒருவருக்குமாக, தம்பானூர் வரை ரயில் டிக்கெட்டும், இங்கிருந்து மெடிக்கல் காலேஜ் பஸ் கட்டணமும், இரண்டு பேரின் அன்றைய கூலியும் தர ஏற்பாடு செய்யுங்கள். சீட்டு எழுதும் பல் வைத்தியர்களின் பட்டியலைத் தயாரித்துத் தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு இந்த மேடையில் யார் பேசினாலும், எத்தனை பேருக்குச் சீட்டு எழுதினோம், அவர்களில் எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கை முதலில் வாசித்துவிட்டுத் தொடங்கட்டும்.